கூலி வாங்காமல் பார்த்த பிரேக்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காலையில் முதல் பஸ்ஸுக்கு ஓடும்போது டீயைக்கூடக் குடிக்காமல் போனாய். டம்ளர் ஆடை கட்டி அப்படியே இருக்கிறது, கழுவ மனசு வரவில்லை. திருச்சியில் அந்த மெடிக்கல் டெஸ்ட்டை முடித்துக்கொண்டு நீ திரும்பச் சாயங்காலம் ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று கடை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் நான் கத்துவேன், நீ போனைப் பார்ப்பாய். நேற்று அதுதானே நடந்தது. அதனால் உன் பழைய டிப்ளமா நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நாலு வரி எழுதுவதற்குள் ரெண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போர்டை நான்தான் கழற்றினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து நீ ஆசையாக மாட்டினாயே, 'சிறு வேலைக்கும் கூலி உண்டு, இலவசமாகப் பார்க்க இயலாது' என்று, அது இப்போது பழைய டயர்களுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீ பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். இந்த வயசில் ஸ்டூலில் ஏறியதற்கு நீ திட்டுவாய் என்று தெரியும், கழற்றியதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டை ஒட்டிக் கடை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும் ஓசியின் அருமை. கேட் போட்டால் லேசில் திறக்காது. ரயில் எஞ்சினைக் கழற்றி முன்னும் பின்னுமாக மாற்றி மாட்டும் வரைக்கும் பஸ், லாரி, வைக்கோல் டிராக்டர் எல்லாம் வரிசையாக நிற்கும். பைக்கில் வந்தவனுக்கு மட்டும் கை சும்மா இருக்காது. "பாய், காத்து மட்டும்." "பாய், செயினுக்கு ஒரு சொட்டு ஆயில்." "ஸ்பேனரைக் குடுங்க, நானே முடுக்கிக்கிறேன்." இப்போது புதுசாக ஒன்று, கண்ணாடியையும் ஹாரனையும் போனில் ஆர்டர் போட்டு வாங்கிவிட்டு, "மாட்டித்தானே விடணும்" என்று நம்மிடம் நீட்டுகிறார்கள். ஓசியில் கிடைத்தால் எனக்கு ஒண்ணு, எங்கப்பனுக்கு ஒண்ணு. உங்கத்தா மவுத்தாகி, நான் இத்தாவில் வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்த நாலு மாசம் பத்து நாளும் ஷட்டர் மூடித்தான் கிடந்தது. அப்போதுகூட ஒருவன் கொல்லைப்பக்கமாக வந்து நின்று, "பாயம்மா, பம்பை மட்டும் வெளியில வச்சிருக்கக் கூடாதா?" என்று குரல் கொடுத்தான். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதோ, கேட் போட்டாயிற்று. ஒருவன் வந்து என்னிடமே பஞ்சர் பார்க்கத் தெரியுமா என்று கேட்கிறான். மெக்கானிக் சாயங்காலம் வருவார் என்றேன். "சும்மா பாக்கத்தானே சொல்றேன்" என்கிறான். பார்த்தேன், போய்விட்டான்.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். ராமையன் அண்ணன் வந்தபோது நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ அவருடைய மொபெட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, தேய்ந்த பிரேக் ஷூவை மாற்றி, தூசி தட்டி, திரும்ப மாட்டி, ஓட்டிப் பார்த்து, அதற்குப் பிறகு கூலி கேட்டாய். மனுஷன் நீ விளையாடுகிறாய் என்று நினைத்துச் சிரித்தார். நீ சிரிக்காமல் போர்டைக் காட்டினாய். "பாய் இருந்திருந்தா இந்த வார்த்தை வருமா தம்பி?" என்று அவர் கேட்டது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. கையில் செதிலோடு ஓடி வந்தேன். "காசெல்லாம் வேணாம், நீங்க போங்கண்ணே" என்றேன். கேட்டில் நின்ற ஊரே பார்த்தது. அவர் போனதும் நீ கேட்டாய், "நான் கேட்ட கூலியை நீ வேண்டாம்னு சொன்னா, இந்தக் கடையில நான் யாரும்மா? ஓசி வேலைக்கு ஒரு ஆளா?" அப்புறம் தோஹாவிலிருந்து வேலைக்கு வரச் சொல்லி மெயில் வந்ததையும், நாளைக்கே மெடிக்கல் எடுக்கப் போவதையும் சொன்னாய். போர்டு இருந்தால் நான் இருப்பேன், இல்லையென்றால் பிளேன் ஏறிவிடுவேன் என்றாய். நானும் சும்மா இருந்தேனா, "போயேன், யாரு புடிச்சா" என்றேன். அது பொய். நீ போகக் கூடாது. சென்னையில் நல்ல சர்வீஸ் சென்டர் வேலையை விட்டு நீ எனக்காகத்தான் இங்கே வந்தாய், அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

ராமையன் அண்ணன் மேல் உனக்கு இருக்கும் கடுப்பும் எனக்குத் தெரியும். வெண்ணாற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறார், உள்ளூர்க்காரர்கூட இல்லை, உறவும் இல்லை, இத்தனை வருஷமாக ஒரு பைசா கொடுக்காமல் வண்டி பார்த்துக்கொள்கிறார் என்பாய். தை அறுப்பு முடிந்து வயலில் உளுந்து எடுத்ததும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைக்கிறாரே என்றால், "உளுந்தைப் போட்டா பிரேக் ஷூ தருவானா கம்பெனிக்காரன்?" என்று கேட்பாய். அவரிடம் ஏன் காசு வாங்குவதில்லை என்று நீ பத்துத் தடவை கேட்டிருப்பாய். பத்துத் தடவையும் நான், "அத்தா வாங்க மாட்டாங்க, அவ்வளவுதான்" என்று வாயை அடைத்தேன். இன்றைக்குச் சொல்கிறேன். உட்கார்ந்து படி.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம். சம்பா நடவு நேரம். ராமையன் அண்ணன் அந்த மொபெட்டை அப்போதுதான் ஒருவரிடம் பழசாக வாங்கியிருந்தார். காலையில் கேட் போட்டிருந்தது, கடை வாசலில் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் 'ஒரு நிமிஷ வேலை'. இவரும் வந்து, "பாய், பின் பிரேக்கு புடிக்கல, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க" என்றார். உங்கத்தா குனிந்து பார்த்தார். பிரேக் கம்பியின் நுனியில் முடுக்கும் மரை முடிகிற இடத்துக்குக் கிட்டே நட்டு வந்துவிட்டது. அப்படி என்றால் உள்ளே ஷூ தேய்ந்து ஒன்றும் இல்லை, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? ஆனால் கழற்றினால் அரைமணி நேரம் ஆகும். கூலி கேட்டால், டைட் பண்ணத்தானே சொன்னேன் என்பார். கேட்காமல் செய்தால் அரைமணி வீண். அதற்குள் கேட்டைத் திறக்க மணி அடித்துவிட்டது, பின்னால் வண்டிகள் ஹாரன். உங்கத்தா மிச்சமிருந்த மரைக்கும் நட்டை ஏற்றி முடுக்கினார். "ஓட்டுங்க, அப்புறமா ஒரு நாள் கொண்டாங்க" என்றார். அண்ணனும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு மதியமே, நாற்றுக் கட்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் வரும்போது ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. பிரேக் பிடிக்கவில்லை. மதகுக் கட்டையில் போய் விழுந்தார். கால் முறிந்தது, உள்ளே பிளேட் வைத்தார்கள், அந்த வருஷம் அவரால் சேற்றில் இறங்க முடியவில்லை. ஆட்டுக்குட்டிதான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொன்னது. அவரும் அதைத்தான் நம்பினார்.

உங்கத்தா நம்பவில்லை. ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மஃரிப் தொழுகை நேரத்துக்கு வந்தார். கை கழுவப் போனவர் குழாயைத் திறந்தபடியே நின்றார். "நான்தான் அந்த மனுஷன் காலை உடைச்சேன். நாளைக்குப் போய்ச் சொல்லிடப் போறேன்" என்றார். தம்பி, இப்போது நான் எழுதப் போவதுதான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சும்மா. நான் அவரைத் தடுத்தேன். "வாயை மூடிக்கிட்டு இருங்க. பாய் கடையில பிரேக் பார்த்தா கால் போகும்னு பேரு வந்துச்சுன்னா நாளைக்கு எவன் வண்டி கொண்டாருவான்? பிள்ளை படிக்க வேணாமா?" என்றேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

சொல்ல முடியாத மனுஷன் என்ன செய்தார்? ராமையன் அண்ணன் வண்டியை வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து எல்லாம் புதுசாகப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரிடம் கூலி இல்லை. அவர் ஒருவரிடம் மட்டும் வாங்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் எல்லாருக்கும் சின்ன வேலை என்றால் சும்மா. பாய்க்குப் பெரிய மனசு என்று ஊர் சொன்னது. நீகூட உன் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதினாய், வாத்தியார் பாராட்டினார் என்று ஓடி வந்து காட்டினாய். உங்கத்தா படித்துவிட்டு மடித்து உன்னிடமே கொடுத்தார். அத்தாவுக்குப் பிடிக்கவில்லையோ என்று அன்றைக்கு முகம் தொங்கிப்போனாய். நான் எல்லாம் தெரிந்துகொண்டு உனக்குத் தோசை ஊற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் மறைத்தது மட்டுமில்லை, அதை ஊருக்கே பந்தி வைத்துப் பேரும் வாங்கினோம்.

கொஞ்சம் இரு. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். உங்கத்தாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னால் வாசலில் நின்று நீ கேட்டாய். "எங்கத்தா யாருக்காவது எதுவும் குடுக்க வேண்டியிருந்தா என்கிட்ட சொல்லுங்க. யாருக்காவது தப்புப் பண்ணியிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க." எல்லா வீட்டிலும் கேட்பதுதான். மனுஷனுக்கு மனுஷன் செய்த குற்றத்தை, அந்த மனுஷன் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பதற்காகத்தான் கேட்கிறோம். அப்போது கூட்டத்திலிருந்து ராமையன் அண்ணன் குரல் வந்தது. "பாய் யாருக்குக் கடன்பட்டாரு? நாங்கதான் பாய்க்குக் கடன்பட்டவங்க." பத்துப் பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் உள்ளே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம், இப்போது வேண்டாம் என்று நினைத்தேன். சந்தூக்கு போய்விட்டது. நீ கேட்டதற்குப் பதில் வராமலே உங்கத்தா மண்ணுக்குள் போனார்.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்தது எதற்குத் தெரியுமா? அவரிடம் மட்டும் கூலி கேட்காதே, அந்த ஒரு மனுஷனை விட்டுவிட்டு மற்றவர்களிடம் வாங்கிக்கொள் என்று கேட்கத்தான். எழுதிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே உறைக்கிறது. உங்கத்தா சக்கரத்தைக் கழற்றாமல் விட்டது கெட்ட மனசால் இல்லை, சோம்பலால்கூட இல்லை. கூலி இல்லாத வேலை, அதற்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று ஒரு கணக்கு ஓடியதால். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று வாங்குகிறவனுக்குச் சொல்கிறார்கள். கொடுக்கிறவனும் பல்லைப் பார்ப்பதில்லையே தம்பி, அதை யாரும் சொல்வதில்லை. நேற்று நீ பார்த்தது அதே வண்டி, அதே பின் பிரேக். நீ கழற்றினாய். கூலி கேட்கப் போகிறோம் என்ற தைரியத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தாய். அந்தக் கூலியைத்தான் உன் அம்மா ஓடி வந்து வேண்டாம் என்றாள்.

உன்னிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உன் அம்மா இல்லை. கூலியை முன்னாடியே சொல்ல வேண்டும். வேலையை முடித்துவிட்டுச் சொன்னால், கையைப் பிடித்து வாங்குவது மாதிரி இருக்கிறது. போர்டைக் கைகாட்டாதே, முகத்தைப் பார்த்துச் சொல். காற்றுக்கு மட்டும் காசு வேண்டாம், குடிக்கத் தண்ணீர் கேட்டால் அதற்கும் வேண்டாம். கழற்றிப் பார்க்க வேண்டிய எதற்கும் கூலியை விடாதே.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுத் தொழப் போனேன். லுஹர் முடித்துவிட்டு வந்து பார்த்தால் வாசலில் ராமையன் அண்ணன் நிற்கிறார். மொபெட் கைப்பிடியில் மஞ்சள் பை தொங்குகிறது, புது உளுந்து. "தம்பி கோவமா இருக்கா? நேத்து நானும் சட்டுனு பேசிட்டேன், பாவம் சின்னப் பிள்ளை" என்றார். பையை எடுத்து மேசைமேல், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இப்போது வாங்கிக்கொண்டால் இந்த வருஷமும் சொல்லாமலே போய்விடும். "உக்காருங்கண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

சொன்னேன். நட்டு, மரை, கேட் மணி, நான் உங்கத்தாவைத் தடுத்தது, சந்தூக்கு, எல்லாம். எந்த வார்த்தையில் சொன்னேன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரை முடிஞ்சிருந்தது பாய்க்குத் தெரியுமா தங்கச்சி?"

"தெரியும்ணே."

கேட் திறந்தது. எல்லா வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஆட்டுக்குட்டி எங்க பக்கத்து வயக்காரன் குட்டி. இத்தனை வருசமா அவன்கூட நான் பேசலை. அவன் மவ கல்யாணத்துக்குக்கூடப் போவலை" என்றார். எனக்கு இது தெரியாது தம்பி, சத்தியமாகத் தெரியாது. நாங்கள் ஒரு காலைத்தான் உடைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவங்களை மன்னிச்சிடுங்கண்ணே, என்னையும்" என்றேன். அழுதுவிட்டேன்.

"அதை இன்னைக்குக் கேக்காத தங்கச்சி" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து வண்டிச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வண்டி இங்கேயே நிக்கட்டும். தம்பி வந்ததும் முன் சக்கரத்தையும் கழட்டிப் பாக்கச் சொல்லு. நேத்து வேலைக்கும் சேர்த்துக் கூலி என்னன்னு சொல்லட்டும். இனிமே எனக்கு ஓசியில பாக்குறதுன்னா வேணாம்." ரெண்டடி போனவர் திரும்பி வந்து உளுந்துப் பையை எடுத்துக்கொண்டார். "இது வேற ஒரு ஆளுக்குக் குடுக்க வேண்டியது" என்றார். காலை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தே போனார். அவ்வளவு தூரம் எப்படிப் போவார் என்று வாசலிலேயே நின்றேன்.

போர்டைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, வந்து நேராக்கு. மொபெட் உள்ளே நிற்கிறது, சாவி இந்தத் தாளின் மேல். தோஹாவுக்குப் போவதா இல்லையா என்பதை நீயே முடிவு பண்ணு, இனி நான் கத்த மாட்டேன். போவதானாலும் அந்த முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போ.

அவர் வண்டி எடுக்க வருவார். கூலியைக் குறைக்காமல் சொல். கொடுத்தால் எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள். அன்றைக்குச் சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாயே, அப்போது எதற்காகக் கேட்கிறோம் என்று உனக்குத் தெரியாது. இப்போது தெரியும். அவர் ஒருவரைப் பார்த்து இன்னொரு தடவை கேள். முதலில் கூலியை வாங்கு, அப்புறம் கேள்.

உன் அம்மா